அவள் தேய்க்காத வால்வுகள்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துக்கொள் கண்ணு. சாக்கில் பட்டால் சேலையில் கரி ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் எத்தனையோ தரம் கழுவியாகிவிட்டது, ஆனாலும் அந்தக் கறுப்பு முழுதாகப் போகமாட்டேன் என்கிறது.

கண்டக்டர் கேட்டானே, "ஏனுங்கம்மா, அம்மிக்கல்லா கொண்டுபோறீங்க?" என்று. அம்மிக்கல் இல்லை. கார் ஹெட். சிலிண்டர் ஹெட் என்பார்கள். என்ஜினுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே நெருப்பு வெடிக்கிறது, அது வெளியே வந்துவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான். முழுக்க வார்ப்பிரும்பு. லக்கேஜ் டிக்கெட் போடுவேன் என்றான். போட்டுக்கொள் என்றேன். அதற்கு ஒரு முறைப்பு.

என்னைப் பார்த்தால் மெக்கானிக் மாதிரியா இருக்கிறது? ஆடி மாதம் வரைக்கும் பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது இந்த நகக்கண்ணைப் பார். சீயக்காய் போட்டாலும் போவதில்லை. கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தால் கையை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாரிஸ் மைனர் என்று ஒரு கார். நீ பார்த்திருக்க மாட்டாய். உருண்டையாக, முட்டை மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மாரிஸ் மைனர் என்று சொல்வதில்லை. விசாலாட்சி வண்டி என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும். விசாலாட்சி என் வீட்டுக்காரருடைய முதல் சம்சாரம். இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளுடைய அப்பா கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர். அவர் வைத்திருந்த காரைக் கல்யாணத்தோடு கொடுத்தனுப்பினார். மருமகனுக்குக் கொடுத்தார் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை. மகளுக்குக் கொடுத்தார். சாவி அவளிடம்தான் இருக்கும். அவள்தான் ஓட்டுவாள். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டுமே, கிடையாது. சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது? உயிர்கூட இல்லை.

ஆனால் நீயே யோசித்துப் பார். பெட்ரோல் பங்கில் ஒரு வயசாளி இருக்கிறார். எங்கள் வண்டி போனால் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். கல்யாணம் ஆன புதிதில் அந்த மரியாதை எனக்கு என்று நினைத்தேன். நேராக வந்து பானெட்டைத் தடவுவார். "அந்தம்மா எறங்கவே மாட்டாங்க. கண்ணாடிய எறக்கி டேங்க் மூடிச் சாவிய நீட்டுவாங்க, அவ்வளவுதான்," என்பார். ஒவ்வொரு தடவையும் இதே. நான் இடது பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது போகட்டும், பங்கில் பத்து நிமிஷம். வீட்டில்? ஹாலில் படம் மாட்டியிருக்கிறது. மாலை போட்ட படத்தில் யாராவது சிரிப்பார்களா? இவள் கார் பம்பரில் ஒரு காலை வைத்துக்கொண்டு சிரிப்பாள். நான்தான் துடைக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து சொல்கிறேன், அந்த வண்டியை வித்துத் தொலையுங்கள் என்று. "ஆகட்டும், பாக்கலாம்," என்பார். அவர் எதற்கும் இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. ஆகட்டும் என்பார், நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி பதினெட்டுக்கு என் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். நாலு பேருமாக அந்த வண்டியில் ஆழியாறு போனோம். அருவியில் குளித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று தங்கச்சி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். நான் சொல்வதை யார் கேட்கிறார்கள். மலை ரோட்டில் நாலைந்து வளைவு ஏறியிருக்கும், முன்னாலிருந்து வெள்ளையாகப் புகை. புகை இல்லை, ஆவி. வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் சொட்டுகூட இல்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அவ இருந்திருந்தா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி பாத்திருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை கண்ணு. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னார். பக்கத்தில் என் தங்கச்சி நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் சும்மா இருக்கக்கூடாதா? "ஆமாங்கண்ணா, அந்தக்கா காலத்துல இந்த வண்டி ஊட்டிக்கே ஏறுமாமுங்களே," என்றார். தங்கச்சி அவர் தொடையில் கிள்ளினாள். அதையும் பார்த்தேன்.

நான் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் இல்லை என்கிறார். பின் சீட்டில் கேன் இருந்தது, அருவித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். "இரு, இரு, ஆறட்டும்," என்று அவர் கத்துவதற்குள் முழுக் கேனையும் உள்ளே ஊற்றிவிட்டேன். என்ஜினுக்குள் எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் இல்லை என்றார், தண்ணீர் ஊற்றினேன். இதில் என்ன தப்பு இருக்கிறது?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து யூசுப்பிடம் விட்டோம். கோட்டூர் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவன். பார்த்துவிட்டு, "ஹெட்டு வளைஞ்சிருச்சுங்க. அதுக்கடியில இருக்கற கேஸ்கெட்டும் போச்சு. சூடா இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்துனது யாருங்க?" என்று கேட்டான்.

"நான்தாம்பா," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பார்த்தாயா? நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஊற்றியது நான். ஊரே பார்க்க ஊற்றியிருக்கிறேன். அதைக்கூட என் பெயரில் சொல்ல மாட்டார். அந்த வண்டி சம்பந்தப்பட்ட எதிலும் என்னை ஒரு ஆளாகச் சேர்க்க அவருக்கு மனசு வராது. நல்லது செய்தாலும் இல்லை, கெட்டது செய்தாலும் இல்லை.

யூசுப் நல்ல பையன். "இந்தப் பழைய வண்டியெல்லாம் கழட்டுனா எனக்கு மத்த வேலை மொத்தமும் நின்னுபோகுமுங்க. வந்த வெலைக்குக் குடுத்துருங்க," என்றான். எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் இவர் ஷெட்டில் கட்டைப் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னுங்க இது?"

"நாமளே பண்ணிக்கலாம் நாயகி. ஏற்கெனவே ஒருக்கா பண்ணியிருக்கறேன்."

நாமளே என்றார். கவனித்தாயா? அவருக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால்தான் அடங்கும். டீ கிளாஸைச் சாஸரில் வைத்தால் கடகடவென்று சத்தம் வரும். நட்டில் ஸ்பானரை வைக்கவே முடியவில்லை. தட்டுத் தடவி வைப்பார், நழுவும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தடவை நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. பிடுங்கி நானே வைத்தேன். அப்படித்தான் ஆரம்பம். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நாமளே என்றாரே, அவர் வேலை வெறும் வாய் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். நான் செய்ய வேண்டும். தண்ணீர் வடித்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். கார்புரேட்டர், அதற்கு அடியில் புகைக்குழாய், எல்லாம் நான்தான். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு உலகம் இருக்கிறது கண்ணு. வரிசையாகக் குச்சிகள், கம்பிச் சுருள்கள், எல்லாவற்றிலும் எண்ணெய். குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, சேலை வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதே வரிசையில் குத்தி வைக்க வேண்டும். எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேதான் திரும்பப் போக வேண்டுமாம்.

"போன தடவ இதெல்லாம் யாருங்க கழட்டுனது?" என்று கேட்டேன்.

"அவதான்."

"இந்த அட்டையில ஓட்ட போட்டு வெக்கறது?"

"அது அவளோட யோசனதான்."

சரி என்று மேலே நட்டுகளுக்குப் போனேன். ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து தளர்த்த வேண்டும். எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஹெட் வரவில்லை. ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். இடுக்கில் விட்டு நெம்பினால் வந்துவிடும் என்று.

"ஐயோ, அதுல எதையும் விட்டுராத! கோடு விழுந்துரும்! அப்புறம் என்ன பண்ணுனாலும் ஒழுகும்!"

"பின்ன எப்படிங்க வரும்?"

"ஸ்பார்க் பிளக்கெல்லாம் மாட்டு. ஹேண்டில் போட்டுச் சுத்து. உள்ள காத்து அமுங்கி, அதுவே தூக்கிக் குடுக்கும்."

வண்டிக்கு முன்னால் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. சுற்றினேன், சுற்றினேன், சப் என்று ஒரு சத்தம். வேர்க்கடலைத் தோல் உடைகிற மாதிரி. ஹெட் ஒரு மயிரிழை எழுந்திருந்தது. அவர் கைதட்டினார். உண்மையாகவே தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவொளும் இப்படித்தான், மொதச் சுத்துலயே தூக்கிட்டா," என்றார்.

சிரிப்பு எங்கே போனதோ தெரியாது.

அப்புறம் கரி சுரண்டுவது. இரும்பு படக்கூடாது என்று மூங்கில் சில்லால் சுரண்டச் சொன்னார். மூங்கில் யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை அமுக்கி வால்வைக் கழற்றுவதற்கு ஒரு பெரிய இடுக்கி இருக்கிறது. அதை யார் பிடித்தது என்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வார். நான் எந்த வேலையில் கை வைத்தாலும் அந்த வேலையில் அவள் கை ஏற்கெனவே வைத்திருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கில்கூட எனக்கென்று ஒரு இடம் மிச்சம் வைக்காமல் போயிருக்கிறாள் அந்த மகராசி.

வால்வு என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். காளான் மாதிரி இருக்கும். ஒரு குடை, ஒரு காம்பு. எட்டு. குடையின் ஓரம் ஹெட்டில் இருக்கிற வட்டத்தில், சீட்டு என்பார்கள், அதில் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் வண்டிக்குச் சக்தி வராது. அப்படி உட்கார வைப்பதற்கு நடுவில் சொரசொரப்பான ஒரு பசையைத் தடவித் தேய்க்க வேண்டும். ஒரு குச்சியின் நுனியில் ரப்பர் இருக்கும், அது வால்வைக் கவ்விக்கொள்ளும். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்தைக் கையால் உருட்டுகிற மாதிரி இப்படி, இப்படி.

அதை ஆரம்பிக்கும்போது நானே கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று. "இதையும் அவியதான் தேச்சாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "இல்ல. அவளுக்கு இது வராது. பொறும பத்தாது. கோயமுத்தூர்ல குடுத்துத்தான் தேச்சுட்டு வந்தோம்," என்றார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "வராதுங்களா?" என்று மறுபடி கேட்டேன்.

"வரவே வராது."

அன்றைக்குச் சாயங்காலம் பாயசம் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

தேய்க்கத் தேய்க்க முதலில் கரகரவென்று சத்தம் வரும். பசை அரைபட்டு அரைபட்டுச் சத்தம் மெல்லிசாகும். எடுத்துத் துடைத்துப் பார்த்தால் குடை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கேயும் அறுபடாமல். அது வந்துவிட்டால் போதுமாம். ஒரு வால்வு கருகிப்போயிருந்தது, அதற்கு யூசுப் புதுசு தேடிக் கொண்டுவந்து தந்தான். புது வால்வு, பழைய சீட்டு. அதற்கு மட்டும் கூடுதலாகத் தேய்க்க வேண்டும் என்றார். தேய்த்தேன். எட்டுக்கும் வளையம் வந்துவிட்டது. ஹெட்டைச் சாய்த்து வைத்து, துவாரத்தில் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

"போதும் நாயகி. நல்லா உக்காந்திருச்சு. இனி ஹெட்ட மட்டும் மட்டம் புடிச்சுட்டு வந்தா மூடிரலாம்."

அவர் போதும் என்கிறார். எனக்குத் திருப்தி இல்லை. எத்தனை வேலை இருந்தாலும் ஒரு வேலைதானே எனக்கு என்று கிடைத்தது? அதை அரைகுறையாக விட முடியுமா? அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நான் ஷெட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வால்வை எடுத்து, பசையைத் தடவி, இன்னும் கொஞ்சம். நாளைக்கு அடுத்தது. பசை டப்பா தீர்ந்தது, யூசுப்பிடம் இன்னொன்று வாங்கினேன். "இன்னுமா தேக்கறீங்க?" என்று சிரித்தான். புரட்டாசி பூராவும் தேய்த்தேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, அப்போதும் தேய்த்தேன். அந்த நேரத்தில் மனசு எவ்வளவு லேசாக இருக்கும் தெரியுமா? அந்தச் சத்தம், அந்த மழை. ஹாலில் அவள் சிரித்துக்கொண்டு கிடக்கட்டும், இது உனக்கு வராது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹெட்டைப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். அந்த நடுங்குகிற விரல். எட்டையும் தடவினார். முகம் மாறிவிட்டது.

"மறுபடியும் தேச்சியா?"

"கொஞ்சந்தானுங்க."

"சீட்டு அகண்டு போச்சு. வால்வு எல்லாம் குழிக்குள்ள எறங்கிருச்சு பாரு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. துணியை எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தார். "பரவால்ல. புதுசா சீட்டு அடிச்சுக்கலாம். கோயமுத்தூர்லதான் ஆகும்," என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. அவள் தேய்த்திருந்தால் இப்படித் துடைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா? இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டம் சிரித்திருப்பார்கள்.

நீ எங்கே இறங்க வேண்டும்? உக்கடமா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

முந்தாநாள் சுகந்தி போன் செய்தாள். சுகந்தி அவளுடைய மகள். ஒரே மகள். அம்மா போனபோது சின்னப் பிள்ளை, மாமன் வீட்டில் வளர்ந்தாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள், புருஷனும் அவளுமாக ஓட்டல் நடத்துகிறார்கள். நல்ல பெண்தான். என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். தீபாவளிக்குச் சேலை அனுப்புவாள்.

"சித்தி, ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா வண்டிய எடுத்துக்கறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஆகட்டும், வந்து பாருன்னாரு."

"வண்டி ஓடற நெலமைல இல்ல சுகந்தி. ஹெட்டு கழட்டிக் கெடக்குது."

"பரவால்ல சித்தி."

அதோடு வைத்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. "வால்வு எல்லாம் நான்தான் தேச்சேன். உங்கம்மாவுக்கு வராத வேலையாமே அது," என்றேன்.

அவள் சிரித்தாள். "யாரு சொன்னா? அம்மா மடியில வச்சுத் தேக்கும் சித்தி. நான் பக்கத்துல பேஸ்ட் டப்பாவ புடிச்சுட்டு ஒக்காந்திருப்பேன். நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டே நாள்ல முடிச்சிருச்சு. அப்பா அசந்து போயிட்டாரு."

போனை வைப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. முதல் பொய்யே இதுதான். எதற்குச் சொல்லியிருப்பார் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். வேறு எதற்கு? என்னை வேலை வாங்கத்தான். அவள் வண்டியை என் கையால் சரிபண்ணிக்கொள்ளத்தான். உனக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா? தோன்றாது.

நீ கேட்கலாம், இத்தனை வருடமாக வித்துத் தொலையுங்கள் என்றாயே, இப்போது மகள் கொண்டுபோனால் உனக்கென்ன என்று. தங்கச்சியும் அதைத்தான் கேட்டாள். விற்பது வேறு கண்ணு. விற்றால் முன்பின் தெரியாத எவனோ கொண்டுபோவான். அவனுக்கு விசாலாட்சி யார் என்றே தெரியாது. மகளுக்குக் கொடுத்தால் வண்டி மறுபடி அவளிடமே போய்ச் சேர்ந்த மாதிரி. நான் தேய்த்த எட்டு வால்வையும் சேர்த்து. அப்புறம் பெங்களூரிலும் அம்மா வண்டி என்றுதானே சொல்வார்கள்? சித்தி தேய்த்தாள் என்றா சொல்வார்கள்?

அதனால்தான் இன்றைக்குக் காலையில் அவர் நடக்கப் போனதும் ஆட்டோவைக் கூப்பிட்டு, கோயமுத்தூர் பட்டறைக்குப் போக வேண்டும், பஸ் ஸ்டாண்டில் விடு என்றேன். ஆட்டோக்காரப் பையன், "ஏனுங்கக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்களே, பட்டறை இருக்காதுங்களே," என்றான். திங்கட்கிழமை திறப்பார்கள் இல்லையா? அதுவரைக்கும் குனியமுத்தூரில் என் தங்கச்சி வீட்டில் இருக்கட்டும். வால்வு எட்டும் இதோ, துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சுகந்தி வருவாள், பார்ப்பாள். ஹெட் இல்லாத வண்டியைக் கொண்டுபோய் என்ன செய்ய முடியும்? திரும்பிப் போவாள். ஓட்டல் வேலை, மறுபடி எப்போது நேரம் கிடைக்குமோ. நான் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. பட்டறைக்குத்தான் எடுத்துப் போகிறேன். அவரே சொன்ன வேலைதான்.

இரு. போன் அடிக்கிறது. அவர்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், கையில் பிடித்துக் காதில் வைத்தால் பஸ் இரைச்சலில் சரிப்படாது. நீ கேட்டால் ஒன்றுமில்லை.

"சொல்லுங்க."

"எங்கிருக்கற?"

"கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்க."

"ஹெட்டு?"

"காலடியில இருக்குதுங்க. பட்டறைக்குத்தான்."

"ஞாயித்துக்கெழம எவன் உனக்குப் பட்டறையத் தொறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்கறான்?"

"நாளைக்குத் தொறப்பாங்களுங்க."

"சுகந்தி வந்துட்டா. லாரியோட வந்திருக்கறா."

"ஹெட்டு இல்லாத வண்டிய எதுக்காம் அவளுக்கு?"

"அவளுக்கு ஹெட்டும் வேண்டாமாம், என்ஜினும் வேண்டாமாம். ஓட்டல் வாசல்ல நிறுத்தி வெக்கறதுக்குக் கேக்கறா. பானெட்ட அறுத்து உள்ள பூச்செடி வெப்பாங்களாம். செல்லுல படம் காட்டுனா."

"பானெட்ட அறுக்கறதா? பெத்தவ பாத்துப் பாத்து வச்சிருந்த வண்டிய? வெளக்கமாத்த எடுக்காம நீங்க என்ன பண்றீங்க அங்க?"

"கத்தாத, கேளு. லாரிக்காரன் கயிறு போட வந்தான். நான் போயி பம்பர் மேல ஒக்காந்துட்டேன். இன்னும் அங்கதான் ஒக்காந்திருக்கறேன். 'உங்கம்மா வண்டிதான் சாமி, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுல இப்ப உன்ற சித்தி கைவேலை பாதியில நிக்குது. அவொ வந்து சரீன்னு சொல்லாம ஒரு நட்டக்கூட யாரும் தொடக்கூடாது'ன்னு சொல்லிட்டேன். அவளுக்குக் கோவம். காபி குடுத்தேன், குடிக்காம மூஞ்சியத் திருப்பிட்டு ஒக்காந்திருக்கறா. நீ அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்துரு. நீ சொல்றதுதான். குடுன்னா குடுக்கலாம், வேண்டான்னா லாரிய அனுப்பிரலாம். கேக்குதா? ஹெட்ட நீயா தூக்காத, இடுப்பு புடிச்சுக்கும்."

"யாரு வண்டின்னு சொன்னீங்க?"

"என்னது?"

"சுகந்திகிட்ட. யாரு வண்டின்னு சொன்னீங்க?"

"நாயகி..."

வைத்துவிட்டேன். இனி அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

கேட்டாயா கண்ணு? நீ பக்கத்திலேயே இருந்தாய், நீ சாட்சி. உங்கம்மா வண்டிதான் என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். முதலில் வாயில் வருவதுதானே மனசில் இருப்பது? போதாததற்கு இல்லேன்னு சொல்லல என்று வேறு ஒரு வார்த்தை. அதற்கு அப்புறம் சொன்னதெல்லாம் எதற்கு? என் மனசு நோகக்கூடாது என்று சேர்த்துச் சொல்கிறது. அது எனக்குத் தெரியாதா?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயும் அவர் பக்கம்தானா? குரல் அப்படி, கேட்கிற எல்லோருக்கும் நல்ல மனுஷன் என்றுதான் தோன்றும்.

கண்டக்டர் தம்பி, ஒத்தக்கால்மண்டபம் வந்தால் சொல்லப்பா, நான் இறங்க வேண்டும். ஆமாம், உக்கடத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இப்போது இங்கேயே இறங்கித் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிறேன். அதெல்லாம் உனக்கு எதற்கு?

லாரி நிற்கட்டும். அந்தப் பெண்ணும் காபி குடிக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். கொடுப்பதா வேண்டாமா என்பதை நான் அப்புறம் சொல்கிறேன், அதற்கு அவசரமில்லை. முதலில் அவர் அந்தப் பம்பரிலிருந்து இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, அது யார் வண்டி என்று சொல்லட்டும்.